ஒளியால் அச்சிடும் செராமிக்: சின்னதாக இருப்பதுதான் வசதி

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் அலுமினாவில் (அலுமினியம் ஆக்சைடு என்ற செராமிக்) ஒரு சின்ன நாசில், அதாவது பீய்ச்சுமுனை, வேண்டும். உள்ளே வளைந்து போகும் குழாய், நுனியில் 0.2 மி.மீ. துளை. கையில் இருக்கும் சாதாரண ரெசின் பிரிண்டரில் (ரெசின் என்ற திரவத்தை ஒளியால் அடுக்கடுக்காகக் கெட்டியாக்கும் எந்திரம்), எடையில் 30 சதவீதம் அலுமினாப் பொடியை ரெசினோடு கலந்து ஊற்றி மூன்று முறை முயன்றிருக்கிறீர்கள். முதல் முறை அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ஒளி நேரத்தைக் கூட்டியதும் இரண்டாவது வந்தது, ஆனால் துளை அடைபட்டுவிட்டது. மூன்றாவது பார்க்க நன்றாகவே இருந்தது. உலையில் வைத்ததும் நான்கு துண்டாகத் தெறித்தது. கடைசியில், “இவ்வளவு சின்ன சாமானுக்கு இந்த முறை தாங்காதோ?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாங்கும். சொல்லப்போனால் பெரிய சாமானுக்குத்தான் தாங்காது. உங்கள் மூன்று தோல்விக்கும் மூன்று வேறு காரணங்கள். அதில் ஒன்றுகூட “சின்னதாக இருப்பது” இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்த அச்சில் செராமிக் உருவாவதே இல்லை. ஒளி பட்டுக் கெட்டியாவது ரெசின் மட்டும்தான். அலுமினாத் துகளுக்கு அந்த ஒளியால் எதுவும் ஆவதில்லை. கெட்டியாகும் ரெசின் வலையில் அது சிக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அச்சிட்டு எடுப்பது சுடாத மண்பாண்டம் மாதிரி ஒரு பச்சைப் பாண்டம். பிறகு உலையில் ரெசினை எரித்து வெளியேற்றி, இன்னும் மேலே சூடேற்றும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளி மூடி, மொத்தமாகச் சுருங்கி இறுகும். செராமிக் என்று சொல்லத் தகுந்தது அங்கேதான் பிறக்கிறது. சார்ல்ஸ் ஹல் ரெசினை ஒளியால் அடுக்கடுக்காகக் கெட்டியாக்கும் முறைக்கு 1984இல் காப்புரிமை கேட்டு 1986இல் பெற்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மிஷெல் கிரிஃபித்தும் ஜான் ஹாலரனும் பொடி கலந்த குழம்பில் அதையே செய்து 1996இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் அன்று எதிர்கொண்ட சிக்கல்கள்தான் இன்று உங்கள் மேசையிலும் இருக்கின்றன.

கலவையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் 30 சதவீதம் என்பதில்தான் பாதித் தவறு இருக்கிறது. எடையில் 30 சதவீதம் என்றால் நிறையப் போட்டுவிட்டதாகத் தோன்றும். அலுமினாவின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 3.98 கிராம், ரெசின் ஏறத்தாழ 1.1 கிராம். நூறு கிராம் கலவையில் 30 கிராம் அலுமினா பிடிக்கும் இடம் 7.5 மி.லி.; மீதி 70 கிராம் ரெசின் பிடிக்கும் இடம் 63 மி.லி.க்கு மேல். ஆக, கன அளவில் உங்கள் பொடி வெறும் 11 சதவீதம். ரெசின் எரிந்து போனபின் அந்த 11 சதவீதப் பொடி ஒன்றையொன்று தொடக்கூட முடியாமல் நிற்கும். அது முழுதாக இறுக வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் பாதிக்கும் கீழே சுருங்க வேண்டும். அதற்குள் உடைந்துவிடும், அல்லது தூளாக உதிரும்.

வேலைக்கு ஆகிற கலவையில் கன அளவில் 40 முதல் 55 சதவீதம் வரை பொடி இருக்கும். 40 சதவீதம் என்று வைத்தாலே எடையில் 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது பாத்திரத்தில் ரெசினைவிட இரண்டரை மடங்கு எடைக்குப் பொடி. அவ்வளவையும் வெறுமனே கொட்டிக் கிளறினால் சுவருக்குப் பூசும் பட்டி மாதிரி ஒரு பசைதான் கிடைக்கும், பிரிண்டரில் ஓடாது. ஓட வேண்டுமானால் பாகுத்தன்மை தண்ணீரைப்போல மூவாயிரம் மடங்குக்குள் இருப்பது நல்லது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் ஒரு கணக்கு. அதற்காகத்தான் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்கும் ஒரு சேர்மானம் தேவை. ஸ்டியரிக் அமிலம், ஒலியிக் அமிலம், பாஸ்பேட் எஸ்டர் வகைகள் என்று பல உண்டு. பொடியின் எடையில் ஓரிரண்டு சதவீதம் போதும். துகளின் மேற்பரப்பில் அது ஒரு மெல்லிய மயிர்ப்போர்வை போல ஒட்டிக்கொள்ளும். பிறகு உருளை மில்லில் செராமிக் குண்டுகளோடு பல மணி நேரம் அரைக்க வேண்டும். கரண்டியால் கிளறுவது கலப்பது ஆகாது; கட்டிகள் உடையாமல் அப்படியே இருக்கும்.

பொடியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெருகேற்றுவதற்கும் தேய்ப்பதற்கும் விற்கிற அலுமினா பத்து, இருபது மைக்ரான் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது எவ்வளவு சுட்டாலும் சரியாக இறுகாது, சீக்கிரம் அடியிலும் தங்கிவிடும். துகள் குழம்பில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது: 5 மைக்ரான் துகள், 1 மைக்ரான் துகளைவிட 25 மடங்கு வேகமாக இறங்கும். ஆகவே அரை மைக்ரான் அளவில் தேடுங்கள். “அப்படியானால் நானோ இன்னும் நல்லதுதானே?” என்றால், இல்லை. அரை மைக்ரான் அலுமினா ஒரு கிராமுக்கு மூன்று சதுர மீட்டர் மேற்பரப்பு. அதையே 50 நானோமீட்டராக்கினால் முப்பது சதுர மீட்டர். அத்தனை பரப்பையும் நனைக்கவே ரெசின் போய்விடும், ஓடுவதற்கு மிச்சம் இருக்காது.

படிவு விஷயத்தில் எனக்கே ஓர் அனுபவம். ஒருமுறை பழைய குழம்பைச் சரியாக அரைக்காமல், மேலோட்டமாகக் கலக்கிவிட்டு இரவு முழுவதும் ஓடும் ஒரு வேலையைப் போட்டேன். காலையில் பாகங்கள் அழகாக இருந்தன. சுட்ட பிறகு பார்த்தால் நேர் உருளைகளெல்லாம் லேசாகக் கூம்பாகியிருந்தன. அச்சு ஓட ஓடக் குழம்பில் பொடியின் அளவு மாறிக்கொண்டே போயிருக்கிறது. பொடி குறைந்த முனை அதிகமாகச் சுருங்கிவிட்டது. பச்சை நிலையில் கேலிப்பர் வைத்து அளந்தபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாளும் அரைக்காத குழம்பைத் தொட்டியில் ஊற்றியதில்லை.

இனி முதல் தோல்வி: அடுக்குகள் ஒட்டாதது. பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதில் வெள்ளை நிறப் பொருள் எதுவும் இல்லை. குட்டிக் குட்டிக் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. உங்கள் குழம்பிலும் அதேதான். ரெசினின் ஒளிவிலகல் எண் 1.48 அளவில் இருக்கும். பொடிகளில் சிலிக்காவுக்கு ஏறத்தாழ 1.47, அலுமினாவுக்கு 1.77, சிர்கோனியாவுக்கு (சிர்கோனியம் ஆக்சைடு) 2.2. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிதறல். அதுவும் வித்தியாசத்தின் இருமடியாக ஏறும். சிலிக்காவில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாததால் ஒளி தாராளமாக உள்ளே போகும். அலுமினாவில் 0.29. சிர்கோனியாவில் 0.72, அலுமினாவோடு ஒப்பிட்டால் இருமடிக் கணக்கில் ஆறு மடங்கு மோசம். சிலிக்கன் கார்பைடு இன்னும் மோசம், ஏனென்றால் அது ஒளியைச் சிதறடிப்பதோடு விழுங்கியும் விடும். கறுப்புப் பொடிகள் இந்த முறைக்கு ஏன் வம்பு பிடித்தவை என்பது இதிலேயே புரிந்துவிடும்.

இதனால், வெறும் ரெசினுக்குப் போட்டிருந்த ஒளி நேரம் இங்கே பத்தாது. ஆனால் எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கெட்டியாகும் ஆழம் ஒளியின் அளவுக்கு நேராக ஏறுவதில்லை, மடக்கை அளவில்தான் ஏறும். ஓர் உதாரணம்: உங்கள் குழம்பின் ஊடுருவல் ஆழம் (ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும் ஆழம்) 60 மைக்ரான், கெட்டியாகத் தொடங்கும் ஒளி அளவு ஒரு சதுர செ.மீ.க்கு 8 மில்லிஜூல் என்று வையுங்கள். 75 மைக்ரான் ஆழம் வேண்டுமானால் 28 மில்லிஜூல் தேவை. அதை இரட்டிப்பாக்கி 56 ஆக்கினால் ஆழம் 150 ஆகாது. 42 மைக்ரான்தான் கூடும். திரும்ப இரட்டித்தால் திரும்பவும் அதே 42. ஆழத்தைக் கூட்ட ஒளியை அள்ளிக் கொட்டுவது நஷ்டக் கணக்கு. அதைவிட அடுக்கை மெல்லியதாக்குங்கள். 25 மைக்ரான் அடுக்குக்கு 75 மைக்ரான் கெட்டியானால் கீழே இருக்கும் இரண்டு அடுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சிர்கோனியாவில் இதற்கும் கீழே போக வேண்டியிருக்கும்.

இந்த எண்களை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் குழம்பைச் சொட்டிவிட்டு, கீழிருந்து ஒரு சதுரத்தை 2 வினாடி காட்டுங்கள். மெதுவாக வழித்து எடுத்து, ஒட்டியிருக்கும் தகட்டின் தடிப்பை மைக்ரோமீட்டரில் அளங்கள். பிறகு 4 வினாடி, 8 வினாடி, 16 வினாடி. நேரத்தின் இயல் மடக்கைக்கு (ln) எதிராகத் தடிப்பை வரைந்தால் ஒரு நேர்கோடு வரும். அதன் சரிவுதான் ஊடுருவல் ஆழம். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் நேரடியாகப் பாகத்தை அச்சிட்டுப் பார்த்துக் கொண்டிருப்பவர்கள் வாரக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

கையுறை மட்டும் மறக்காதீர்கள், நைட்ரைல் கையுறை. அக்ரிலேட் ரெசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தால் போகாது. உலர்ந்த பொடியைக் கையாளும்போது முகக்கவசமும் வேண்டும்.

இரண்டாவது தோல்வி, துளை அடைபட்டது. ஒளி நேரத்தைக் கூட்டினீர்கள். ஆழத்துக்கு மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அது பரவியது. சிதறிய ஒளி திரையில் காட்டிய கோட்டைத் தாண்டி, துளைக்குள் இருக்கும் குழம்பையும் கொஞ்சம் கெட்டியாக்கும். எந்திரத்தின் பிக்ஸல் 40 மைக்ரான் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். (ஆடித்தகடு வைத்த புரொஜெக்டரில் 1920க்கு 1080 பிக்ஸல் என்றால் 40 மைக்ரான் கணக்கில் 76.8க்கு 43.2 மி.மீ. மேடை. சின்னதாக இருக்கிறதே என்று பலர் முகம் சுளிப்பார்கள். நமக்கு அதுவே தாராளம்.) ஆனால் குழம்பில் வரையக்கூடிய மிக மெல்லிய கோடு பிக்ஸலால் முடிவாவதில்லை, சிதறலால்தான் முடிவாகிறது. பிக்ஸலைப் பாதியாக்கிய எந்திரத்தை வாங்கினாலும் சிர்கோனியாவில் கோடு பாதியாகாது.

படுக்கைவாட்டில் போகும் குழாய்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. குழாயின் கூரையை அச்சிடும்போது அதற்கு அப்பால் இருப்பது கெட்டியான அடுக்கு அல்ல, குழம்பு. ஒளி கூரையோடு நிற்காமல் குழாய்க்குள்ளும் இறங்கும். 25 மைக்ரான் கூரை போட நினைத்து 75 மைக்ரான் கெட்டியானால், 50 மைக்ரான் குழாய்க்குள் தொங்கும். அடுத்தடுத்த அடுக்குகளின் மிச்ச ஒளியும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். 200 மைக்ரான் குழாய் 150 ஆனது. அது சுட்டபின் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கினால் 120. நீங்கள் வரைந்தது 200. அதனால்தான் முடிந்தவரை குழாயைச் செங்குத்தாக நிறுத்தி அச்சிடச் சொல்கிறேன். உங்கள் நாசிலில் வளைவு ஒன்றுதான் என்பதால் நுனியைச் செங்குத்தாக வைத்து, வளைவை மட்டும் விதிக்கு விடலாம். வரைபடத்தில் துளையை முன்கூட்டியே பெரிதாக வரைய வேண்டும். ரெசினில் ஒளியை விழுங்கும் சாயம் மிகக் கொஞ்சமாகச் சேர்ப்பதும் உதவும். சாயம் பக்கவாட்டுப் பரவலைச் சுருக்கும். ஆனால் ஆழமும் குறையும், ஆகவே அடுக்கை இன்னும் மெலிதாக்க வேண்டிவரும். இப்படி ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

இதையெல்லாம் சரிசெய்த பின்னும் துளை அடைபட்டிருந்தால், அச்சில் குறையில்லை, கழுவுவதில்தான் குறை. சாதாரண ரெசின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தானாகக் கரைந்து ஓடிவிடும். இந்தக் குழம்பு ஓடாது, 0.2 மி.மீ. குழாய்க்குள் பற்பசை மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆல்கஹாலில் நீண்ட நேரம் ஊறப்போட்டால் பச்சைப் பாண்டம் அதை உறிஞ்சி உப்பும், காயும்போது வெடிப்பு விடும். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் மெல்லிய சுவர்கள் உதிரும். நான் செய்வது இது: மோனோமரையோ (ரெசினின் அடிப்படைத் திரவம்), குழம்பு செய்வோர் அதற்கென்றே தரும் கழுவுநீரையோ மெல்லிய ஊசி வைத்த சிரிஞ்சில் எடுத்து ஒரு பக்கத்திலிருந்து தள்ளுவேன். மறுபக்கத்தில் வெள்ளைப் புழு போலக் குழம்பு நெளிந்து வெளியே வரும். அது நின்று தெளிவான துளி வரும்வரை தள்ளிவிட்டு, மெதுவான காற்றால் ஊதுவேன். விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உருப்பெருக்கியில் மறுமுனை தெரிகிறதா என்று பார்ப்பேன். இதை மஞ்சள் விளக்கில் செய்ய வேண்டும். ஜன்னலோரம் செய்தால் உள்ளே இருப்பது உள்ளேயே கெட்டியாகிவிடும். ஒரு வழி மட்டும் உள்ள குழாயைக் கழுவவே முடியாது, ஆகவே அப்படி வரையாதீர்கள். மற்றவர்கள் உங்களிடம் மிகச் சின்னத் துளை எவ்வளவு என்று கேட்டால், அச்சிடக் கூடியது அல்ல, கழுவக் கூடியதுதான் பதில்.

மூன்றாவது தோல்விக்கு வருவோம். உலைதான் இந்த வேலையின் நடு மையம், என்னைக் கேட்டால் பிரிண்டர் அதற்கு ஒரு முன்னுரை.

கன அளவில் சரிபாதி அலுமினா உள்ள பச்சைப் பாண்டத்தில், எடையில் 22 சதவீதம் ரெசின். பத்து கிராமில் இரண்டு கிராமுக்கு மேல் பிளாஸ்டிக், அத்தனையும் வாயுவாகி வெளியேற வேண்டும். எங்கே வழி? பச்சைப் பாண்டத்தில் துளைகளே இல்லை. துகள்களுக்கு இடையில் இண்டு இடுக்கு விடாமல் ரெசின் நிரம்பியிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழி திறக்கும். வெளியே வழி திறப்பதற்குள் உள்ளே வாயு பெருகினால் அழுத்தம் ஏறி வெடிக்கும். உங்கள் பாகம் தெறித்தது இதனால்தான். நிமிடத்துக்கு 5 டிகிரி என்று போட்டிருக்கிறீர்கள். மண்பாண்டத்துக்கு அது மெதுவாக இருக்கலாம், இதற்கு அது ராக்கெட் வேகம்.

ரெசினில் பெரும்பகுதி 200க்கும் 450 டிகிரிக்கும் இடையில் சிதையும். அந்த இடத்தில் நிமிடத்துக்கு 0.2 முதல் 0.5 டிகிரிதான் ஏற வேண்டும். 150இலிருந்து 450 வரை 0.2 வேகத்தில் போனால் 25 மணி நேரம். பிறகு 600இல் ஓரிரு மணி நேரம் நிறுத்தி மிச்சக் கரியைக் காற்றில் எரிக்க வேண்டும். உங்கள் ரெசின் எந்த வெப்பநிலையில் வேகமாக எடை இழக்கிறது என்று வெப்ப எடை ஆய்வு செய்து கொடுக்கும் ஆய்வகம் கிடைத்தால் செய்துவிடுங்கள். வரைகோடு எங்கே செங்குத்தாக விழுகிறதோ அங்கே மட்டும் ஊர்ந்து போனால் போதும், மற்ற இடத்தில் நேரம் மிச்சம். இன்னொரு உத்தி, ரெசினில் ஒளிக்குக் கெட்டியாகாத பாலியெத்திலீன் கிளைக்கால் போன்ற ஒரு திரவத்தைக் கொஞ்சம் கலந்து வைப்பது. மற்றது சிதைவதற்கு முன்பே அது வெளியேறி, பின்னால் வரும் வாயுவுக்குப் பாதை போட்டு வைக்கும்.

சின்னதாக இருப்பது வசதி என்று நான் சொன்னது இங்கேதான் விளங்கும். வாயு ஊர்ந்து வெளியேற ஆகும் நேரம் சுவரின் தடிப்பின் இருமடியாக ஏறும். 2 மி.மீ. சுவரை 6 மி.மீ. ஆக்கினால் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு நேரம். ஒரு நாளில் முடிகிற வேலை ஒன்பது நாள். அதனால்தான் இந்த முறையில் பத்து மில்லிமீட்டர் கட்டியான கனப் பாகம் செய்வது பெரும்பாடு. உங்கள் நாசில் போல ஒரு மில்லிமீட்டர் சுவர் உள்ளது சர்வ சாதாரணம். வலிமையும் சின்னதன் பக்கம்தான். செராமிக் உடைவது சராசரி வலிமையால் அல்ல, அதில் இருக்கும் மிக மோசமான ஒரு குறையால். மெல்லிய கண்ணாடி இழை தடித்ததைவிட வலுவாக இருப்பதை ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் எழுதிய கட்டுரையில் காட்டினார் (முன்னே சொன்ன கிரிஃபித் வேறு, இவர் வேறு). பொருள் சின்னதானால் அதற்குள் பெரிய குறை ஒளிந்திருக்க வாய்ப்பும் குறைவு.

ரெசின் போனபின் பாகம் மிகவும் பலவீனமாக இருக்கும். இடுக்கியால் தொட்டாலே உதிரும். முடிந்தால் உலையை மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமானால் 1000 டிகிரி வரை கொண்டுபோய், துகள்கள் கழுத்தோடு கழுத்து ஒட்டியபின் மாற்றுங்கள். அலுமினா முழுதாக இறுக 1600 முதல் 1650 டிகிரி வேண்டும், சிர்கோனியாவுக்கு 1450 முதல் 1500. 1250 டிகிரி மட்டுமே போகும் உலையில் அலுமினா சுண்ணக்கட்டி போலத்தான் வரும். பாகத்தை வைக்கும் தட்டில் கரகரப்பான அலுமினாப் பொடியை லேசாகத் தூவிவிடுங்கள். சுருங்கும்போது பாகம் தட்டின் மேல் நகர வேண்டும். அடி ஒட்டிக்கொண்டால் அங்கே கிழியும்.

சுருக்கத்தைக் கணக்கிடுவது சுலபம். கன அளவில் பாதிப் பொடி, முழுதாக இறுகினால் மொத்தக் கன அளவு பாதியாகும். 0.5க்குக் கனமூலம் 0.794. ஆக ஒவ்வொரு பக்கமும் 20.6 சதவீதம் குறையும். 5 மி.மீ. உயரம் வேண்டுமானால் 6.3 மி.மீ. அச்சிட வேண்டும். பொடி 45 சதவீதமாக இருந்தால் சுருக்கம் 23 சதவீதம். உயரத்தில் சுருங்குவதும் அகலத்தில் சுருங்குவதும் பெரும்பாலும் சரிசமமாக இருக்காது, ஆகவே இரண்டுக்கும் தனித்தனி அளவெடுங்கள். ஒரு நல்ல செய்தி, எந்திரம் வரைந்த 40 மைக்ரான் பிக்ஸலும் சுட்டபின் 32 மைக்ரானாகிவிடும். சுருக்கம் உங்களுக்குச் சும்மா நுணுக்கம் தருகிறது.

வெடிப்பு வந்தால் தூக்கிப் போடாமல் அதைப் படியுங்கள். அடுக்குக்கு இணையாகப் பிளந்திருந்தால் ஒளி குறைவு, அல்லது சூடேற்றம் வேகம். மேலே கொப்புளம் என்றால் உள்ளே வாயு சிக்கியது. அடியிலிருந்து மேலே ஓடும் விரிசல் என்றால் தட்டோடு ஒட்டியது. கழுவிக் காய்ந்ததுமே வலைபோல மெல்லிய கோடுகள் தெரிந்தால் கழுவும் திரவம் பொருந்தவில்லை, உலைமேல் பழி போடாதீர்கள்.

இதைவிடச் சின்னதாக எவ்வளவு தூரம் போகலாம் என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பொடிக் குழம்பில் 0.1 மி.மீ. சுவர், 0.2 மி.மீ. துளை என்பது கவனமாகச் செய்தால் எட்டக்கூடியது. அதற்குக் கீழே போக வேண்டுமானால் பொடியையே விட்டுவிட வேண்டும். துகள் இல்லையென்றால் சிதறல் இல்லை. சூடாக்கினால் தானே செராமிக்காக மாறும் சிலிக்கன் சேர்ந்த ரெசின்கள் உண்டு. 2016இல் கலிஃபோர்னியாவின் எச்.ஆர்.எல். ஆய்வகத்தினர் அப்படி ஒன்றை ஒளியால் அச்சிட்டு, ஆர்கானில் 1000 டிகிரிக்குச் சூடாக்கி, சிலிக்கன் ஆக்சிகார்பைடு பின்னல்கள் செய்தார்கள். அதிலும் 30 சதவீதச் சுருக்கம் உண்டு, எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வாயுவாகப் போகும்; ஆகவே தடித்த பாகம் அங்கேயும் முடியாது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பாஸ்டியன் ராப் குழுவினர் நானோ சிலிக்கா கலந்த ரெசினை அச்சிட்டு, 1300 டிகிரியில் சுட்டுத் தெளிந்த கண்ணாடியாகவே எடுத்தார்கள். சிலிக்காவும் ரெசினும் ஒளிவிலகலில் ஒத்துப்போவதை மேலே சொன்னேன் அல்லவா, அந்த அதிர்ஷ்டம்தான்.

இன்னும் கீழே போனால் இரண்டு-ஃபோட்டான் முறை. ஒரு மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டானை விழுங்க முடியும் என்று மரியா கோப்பர்ட் மாயர் 1931லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். லேசர் குவியும் புள்ளியின் நட்டநடுவில் மட்டுமே அது நடக்கும் என்பதால் மைக்ரானுக்கும் கீழே வரைய முடிகிறது. ஜப்பானில் 2001இல் ஒசாகா குழுவினர் 10 மைக்ரான் நீளக் காளை ஒன்றையே செய்து காட்டினார்கள். அது வெறும் பிளாஸ்டிக். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஜூலியா கிரீர் குழு இப்படி வரைந்த பிளாஸ்டிக் பின்னலின்மேல் நானோமீட்டர் கணக்கில் அலுமினா பூசி, உள்ளே இருந்த பிளாஸ்டிக்கை அரித்து எடுத்துவிட்டு, வெற்றுக்குழல் பின்னலை 2014இல் காட்டியது. சுவர் போதுமான அளவு மெலிதாக இருந்தால் அதைப் பாதி உயரத்துக்கு நசுக்கிவிட்டாலும் எழுந்து நிற்கிறது. செராமிக்கா இது என்று கேட்கத் தோன்றும். ஆனால் உங்கள் நாசில் அளவுக்கு அந்த முறையில் செய்ய நேரம் கட்டுப்படியாகாது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வளைந்த உட்குழாய் இல்லாமல் நேர்த்துளை மட்டும் போதுமென்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். நேர்க்குழாய் அலுமினாவில் பிழிந்து வார்த்தது ஆயத்தமாகக் கிடைக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே பாகம் வேண்டுமென்றால் அச்சுவார்ப்பில் ஊசி வழியே செலுத்துவது மலிவு. ஒளி அச்சுக்கு இடம், உள்ளே சிக்கலான வழிகள் கொண்ட, எண்ணிக்கை குறைந்த, சின்னப் பாகங்கள்தான். டர்பைன் இறக்கைக்குள் காற்றுவழியை உருவாக்கும் சிலிக்கா உள்ளச்சு, எலும்பு வளர இடம் கொடுக்கும் கால்சியம் பாஸ்பேட் பின்னல், எண்டோஸ்கோப் நுனியில் மின்காப்பு வளையம் என்று இதற்கு வேலை கிடைப்பதெல்லாம் அந்த வகைதான்.

சரி, நாளைக்கு என்ன செய்யலாம்? நாசிலை மறந்துவிடுங்கள். பொடியையே அரைக்க வசதி இல்லையென்றால் ஆயத்தக் குழம்பு ஒரு சின்னப் புட்டி வாங்குங்கள். முதல் மாதம் குழம்பு செய்வதில் போனால் அச்சைக் கற்க நேரம் இருக்காது. உங்கள் பிரிண்டரின் ஒளி அலைநீளத்துக்கு அது பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். 405 நானோமீட்டர் என்றால் சரி; நீல ஒளிக்கென்று செய்தது உங்கள் எந்திரத்தில் சரியாக வேலை செய்யாது. கண்ணாடித் துண்டுச் சோதனையைச் செய்து ஒளி நேரத்தைத் தீர்மானியுங்கள். பிறகு 2 மி.மீ. தடிப்பில் ஒரு பட்டை வரைந்து, அதில் 0.2 முதல் 0.6 மி.மீ. வரை 0.05 இடைவெளியில் ஒன்பது துளைகள், நின்றவாக்கில் ஒரு பட்டை, படுத்தவாக்கில் ஒரு பட்டை அச்சிடுங்கள். கழுவி, 25 மணி நேர ஏற்றத்தில் ரெசினை எரித்து, 1600இல் இரண்டு மணி நேரம் சுட்டு எடுங்கள். மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு எந்தத் துளையிலிருந்து அது மறுபக்கம் வருகிறது என்று பாருங்கள். அந்தத் துளையின் வரைபட அளவையும் சுட்டபின் அளவையும் எழுதி அனுப்புங்கள், நாசிலின் துளையை எவ்வளவு பெரிதாக வரைவது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.